திரை: ஒரு சொல்லின் மேடும் பள்ளமும்

'திரை' என்று சொன்னால் உங்கள் மனக்கண்ணில் முதலில் தோன்றுவது எது? பெரும்பாலானோர் படமாளிகையின் வெண்திரையை நினைப்பர். சிலர் தொலைக்காட்சியை நினைப்பர். இளைய தலைமுறையினர் தம் உள்ளங்கையிலிருக்கும் கைத்தொலைபேசியின் கண்ணாடியை நினைப்பர். கடலை நினைப்பவர் மிகச் சிலரே. ஒரு மூதாட்டியின் கன்னத்தை நினைப்பவர் எவரேனும் உளரா என்பது ஐயமே. ஆனால் இச்சொல்லின் பழைய வீடு கடலும் கன்னமுந்தான். அங்கிருந்து அது கண்ணாடிக்கு வந்து சேர்ந்த வழியை இன்று சற்று நடந்து பார்ப்போம்.

முதலில் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இடையின ரகரத்தோடு வரும் 'திரை' வேறு, வல்லின றகரத்தோடு வரும் 'திறை' வேறு. திறை என்பது சிற்றரசர் பேரரசர்க்குச் செலுத்திய பொருள். நம் நாட்டின் 'திறைசேரி' அதிலிருந்து பிறந்தது. நாம் இன்று எடுத்துக்கொண்டது இடையின ரகரத் திரையை.

பெயர்ச்சொல்லின் பொருளை அறிய வேண்டுமாயின் அதன் வினைச்சொல்லைத் தேடு என்பது மொழிநூலார் கூறும் நல்வழி. திரை என்ற பெயருக்குத் 'திரைதல்' என்ற வினை உண்டு. 1924ஆம் ஆண்டு தொடங்கி 1936ஆம் ஆண்டு வரை சென்னைப் பல்கலைக்கழகம் ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினால், தோல் சுருங்குதல், அலை எழுதல், மடிதல், பால் முதலியன திரளுதல் என்று இவ்வினைக்குப் பல பொருள்கள் காணப்படும். பார்வைக்கு இவை ஒன்றோடொன்று தொடர்பற்றவை போலத் தோன்றும். சிறிது ஊன்றி நோக்கினால் இவை யாவற்றிலும் ஒரே நிகழ்ச்சி நடைபெறுவது புலப்படும். சமமாக இருந்த ஒரு பரப்பு சமம் இழந்து, மேடும் பள்ளமுமாய், வரிசை வரிசையாய் எழுந்து தாழ்கின்றது. நீர்ப்பரப்பில் அது நிகழ்ந்தால் அலை. தோற்பரப்பில் நிகழ்ந்தால் சுருக்கம். துணியில் நிகழ்ந்தால் மடிப்பு. பாலில் நிகழ்ந்தால் அதன் ஒழுங்கான மேனி குலைந்து கட்டி கட்டியாகின்றது. பொருள்கள் நான்கு, காட்சி ஒன்று.

இதற்கு அயலில் நிற்கும் சொற்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். 'வரி' என்பது கோடு. புலியின் உடலில் வரி உண்டு; ஆனால் அதைக் கையால் தடவினால் மேடு பள்ளம் தெரியாது. வரி கண்ணுக்கு உரியது, திரை கைக்கும் தட்டுப்படுவது. 'அறல்' என்று மற்றொரு சொல் சங்க இலக்கியத்தில் வரும். ஆற்றுநீர் ஓடிய தடமாகக் கருமணலில் படிந்து கிடக்கும் நெளிவு அது. பெண்களின் நெளிந்த கூந்தலுக்கு அதனைப் புலவர்கள் உவமை கூறினர். நீரின் மேலே எழுவது திரை. அந்த நீர் போன பின்பு மணலில் எழுதி வைத்துவிட்டுப் போவது அறல். இத்தனை நுணுக்கமாகப் பரப்புகளைப் பார்த்துப் பெயரிட்ட மக்கள் நம் முன்னோர்.

இனிக் கடலுக்கு வருவோம். அலை, திரை, ஓதம், தரங்கம், புணரி என்று பல சொற்களை ஒருங்கு அடுக்கிப் பாடமாக்குவது பழைய திண்ணைப் பள்ளிகளின் வழக்கம். சூடாமணி நிகண்டை மனனஞ் செய்த தலைமுறை யாழ்ப்பாணத்தில் இருந்தது. ஆயினும் ஒருபொருட் பன்மொழி என்று நாம் எண்ணும் சொற்கள் பிறக்கும்போது ஒரே பொருளோடு பிறப்பதில்லை. அலை என்பது அலைதல் என்ற வினையிலிருந்து வந்தது. ஓரிடத்தில் நில்லாது அங்குமிங்கும் திரியும் இயக்கத்தைக் குறித்தது. திரை அந்த இயக்கத்தால் நீர்மேல் உண்டாகும் வடிவத்தைக் குறித்தது. அலைகின்ற காரணத்தால் அலை; மடிந்து மடிந்து தோன்றும் காரணத்தால் திரை. கொன்றைவேந்தனில் கடல் கடந்து பொருள் தேடச் சொல்லும் ஔவையார், கடலுக்கு அடைமொழியாகத் திரையையே தேர்ந்தெடுத்தார் என்பதைச் சிறு வயதில் அதனைப் படித்த அனைவரும் அறிவர்.

திரையின் பேரால் ஓர் அரச மரபே இருந்தது. காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் பாடினார். திரை கொண்டுவந்து தந்த மரபில் வந்தவன் என்பது அப்பாட்டு அவனுக்குக் கூறும் பெருமை. இதற்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர் ஒரு கதை சொல்வார். சோழன் ஒருவனுக்கும் நாககன்னிக்கும் பிறந்த குழந்தையைத் தொண்டைக் கொடியை அடையாளமாகக் கட்டிக் கடலில் விட, திரை அதனைக் கரை சேர்த்தது. ஆதலால் அவன் திரையன் ஆனான் என்பது அக்கதை. மணிமேகலையிலும் பீலிவளை என்னும் நாகநாட்டு இளவரசி தன் மகனை மணிபல்லவத்தில் கம்பளச் செட்டியின் கலத்தில் ஒப்படைக்கின்றாள்; கலம் உடைந்து குழந்தை கடலில் காணாமற் போகின்றது. மணிபல்லவம் நம் நயினாதீவே என்று கொள்வாரும், இரண்டு கதைகளையும் இணைத்துப் பார்ப்பாரும் உளர். கதையின் உண்மை பொய் எப்படியாயினும், திரை என்ற சொல் ஒரு குலத்தின் பெயராகுமளவு அக்காலத்தில் உயிரோடு உலவியது என்பது மட்டும் உறுதி.

அந்த உயிர்ப்பு இன்று கடலில் இல்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி கடல் நம் கரையோர ஊர்களுள் புகுந்து பேரழிவு செய்தபோது அதற்குத் தமிழ்ப்பெயர் தேடினோம். கடல்கோள் என்ற பழஞ்சொல்லை மீட்டெடுத்தோம். ஆழிப்பேரலை என்று புதிதாகவும் கூறினோம். பழஞ்சொல்லான ஆழியைத் தேடியெடுத்த கை, அலையை எடுத்ததேயன்றித் திரையை எடுக்கவில்லை. அதற்குள் திரை கடலை விட்டு வெகுதூரம் வந்துவிட்டது.

கடலிலிருந்து உடலுக்கு வருவோம். நரை, திரை, மூப்பு என்று முதுமையின் அடையாளங்களை அடுக்கிச் சொல்வது தமிழ் மரபு. நரை மயிருக்கு, திரை தோலுக்கு. புறநானூற்றின் 195ஆம் பாட்டில் நரிவெரூஉத்தலையார் முதியோர் கூட்டம் ஒன்றை விளித்துப் பேசுகின்றார். அவர்களுடைய நரையைக் கயல்மீனின் முள்ளுக்கு ஒப்பிட்டு, கன்னத்தைத் 'திரைகவுள்' என்கின்றார். கவுள் என்றால் கன்னம்; திரைகவுள் என்றால் சுருக்கம் விழுந்த கன்னம். உங்கள் முதுமையால் பயன் என்ன என்று கேட்கும் துணிவு அப்புலவருக்கு இருந்தது. நல்லது செய்ய முடியாது போயினும் தீயது செய்யாமலாவது இருங்கள் என்பது அவர் கூறிய அறிவுரை. திரை விழுந்த கன்னம் தானாகவே மதிப்பைத் தந்துவிடாது என்பதை ஒரே சொல்லால் நெஞ்சில் தைக்க வைத்தார்.

இன்னொரு முதியவரைப் புறநானூற்றின் 243ஆம் பாட்டில் காண்கின்றோம். பாடியவரின் இயற்பெயர் தெரியவில்லை. தலையிலே பூண் கட்டிய பெரிய தடியை ஊன்றி நடக்கும் முதுமையை அவர் பாடியமையால் தொடித்தலை விழுத்தண்டினார் என்ற பெயர் பெற்றார். இருமலுக்கு இடையிடையே சில சொற்களைப் பேசும் கிழவர், இளமையில் மருதமரத்துக் கிளையேறி, கரையில் நின்றோர் வியக்க, ஆழமான மடுவிலே குதித்து அடிமணலை அள்ளிவந்ததை நினைத்து ஏங்குகின்றார். அங்கே நீர்ப்பரப்பு சிதறியதைக் கூறுமிடத்தில் 'திரை' என்ற சொல் வருகின்றது. நேயர்களே, இதனைச் சற்று எண்ணிப் பாருங்கள். திரை என்ற சொல்லுக்கு நீரின் அலையும் பொருள், முதியவர் தோலின் சுருக்கமும் பொருள் என்பதை அறிந்த செவி அப்பாட்டைக் கேட்டால் என்ன உணரும்? இளமையில் தாம் உடைத்துப் பாய்ந்த திரை நீரில் இருந்தது. இன்று திரை அவர் மேனியில் இருக்கின்றது. புலவர் இதனை விளக்கிச் சொல்லவில்லை. சொல்லே அதனை நமக்குள் சொல்லிவிடுகின்றது. இச்சொல்லின் ஒரு பொருளை மட்டும் அறிந்த செவிக்கு இந்தப் பேறு கிட்டாது.

இந்த இரட்டைப் பொருள் தமிழில் மட்டும் உள்ளதன்று. பரோ, எமனோ என்னும் அறிஞர் இருவர் 1961இல் வெளியிட்டு, 1984இல் திருத்திய பதிப்பாகத் தந்த திராவிடச் சொற்பிறப்பு அகராதியில் திரையின் உடன்பிறப்புகள் ஒருங்கே நிற்கின்றன. மலையாளத்தில் 'திர', இன்றும் கடலலைக்கு அங்கே அது அன்றாடச் சொல். கன்னடத்தில் 'தெரெ'; அலைக்கும் மறைப்புத் துணிக்கும் அதுவே பெயர். தெலுங்கில் 'தெர'. மறைப்பு என்ற பொருளில் வரும் திரையை வடமொழியின் திரஸ்கரிணி என்ற சொல்லோடு இணைத்துப் பார்ப்பார் உளர். ஒலி ஒத்திருப்பது மெய்யே. ஆயினும் அலை, சுருக்கம், மடிப்பு, துணி என்று ஒரு குடும்பமே தென்மொழிகளில் சேர்ந்து வாழ்வதையும், அதற்கு ஒரு வினைச்சொல் தமிழில் இருப்பதையும் நோக்கும்போது, இச்சொல் நம் மண்ணிலேயே வளர்ந்தது என்று கொள்வதே பொருத்தமெனத் தோன்றுகின்றது.

துணிக்கு இப்பெயர் எப்படி வந்தது? பழந்தமிழில் மறைப்புத் துணிக்குச் சிறப்பாக வழங்கிய சொல் 'எழினி'. முல்லைப்பாட்டில் அரசனின் பாசறைக் கூடாரத்தைக் கயிற்றில் கோத்த எழினி இரண்டு அறைகளாகப் பிரிக்கின்றது. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் மாதவியின் அரங்கில் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று வகை கூறப்படுகின்றது. ஒரு பக்கத்திலிருந்து இழுப்பது, இரு பக்கத்திலிருந்தும் வந்து பொருந்துவது, மேலே மறைந்திருந்து இறங்குவது என்று அவற்றை விளக்குவர். கயிற்றில் கோத்து இழுக்கப்படும் துணி என்ன செய்யும்? ஒதுங்கும்போது மடிமடியாகத் திரையும். அதன் பயனை நோக்கினால் அது மறைப்பு. அதன் தோற்றத்தை நோக்கினால் அது திரை. காலப்போக்கில் எழினி ஏட்டில் தங்க, திரை நாவில் நிலைத்தது.

சிலப்பதிகாரத்தை எடுத்த கையோடு இன்னொரு சொல்லையும் பார்த்துவிடுவோம். 'திரையல்' என்றால் வெற்றிலைச் சுருள். மடித்துச் சுருட்டியதால் அது திரையல். கொலைக்களக் காதையில், மதுரை ஆயர்சேரியில், மாதரியின் அடைக்கல மனையில், கண்ணகி தன் கையால் சமைத்துக் கோவலனுக்கு உணவிடுகின்றாள். உண்டபின் மெல்லிய திரையலோடு பாக்கும் கொடுக்கின்றாள். அதன் பிறகு அவன் சிலம்பை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போகின்றான், திரும்பி வரவில்லை. அவள் அவனுக்குக் கடைசியாக மடித்துக் கொடுத்தது அந்த வெற்றிலை. வெறுமனே 'வெற்றிலை' என்று இளங்கோவடிகள் கூறியிருக்கலாம். திரையல் என்றபோது, அதனை மடித்த விரல்களும் நம் கண்முன் வந்துவிடுகின்றன.

துணித்திரை கோயிலுக்குள் புகுந்தபோது இச்சொல்லின் வாழ்வில் ஒரு திருப்பம் ஏற்பட்டது. அலங்காரம் நடக்கும்போதும் அமுது படைக்கும்போதும் கருவறை வாயிலில் திரை விழும். விலகும்போது தரிசனம் கிடைக்கும். இங்கே மடிப்பு என்ற பொருள் பின்னே போய், மறைத்தலும் வெளிப்படுத்தலும் முன்னே வந்தன. அறியாமைத் திரை, மாயைத் திரை என்ற வழக்குகள் இதன் வழிவந்தவை. 1872இல் வடலூரில் சத்திய ஞான சபையை நிறுவிய இராமலிங்க அடிகள், சோதிக்கு முன்னே வெவ்வேறு நிறங்களில் ஏழு திரைகளை அமைத்தார். தைப்பூசத்தன்று அவை ஒவ்வொன்றாய் நீங்கச் சோதி தெரியும்.

நம் நாட்டுக் கதிர்காமத்திலோ திரை இன்னும் ஒரு படி முன்னே போயிற்று. அங்கே அடியார்கள் காண்பது உள்ளே இருக்கும் பொருளை அன்று; வள்ளி தெய்வயானையோடு முருகன் மயில்மீது விளங்கும் ஓவியம் தீட்டிய திரையையே அவர்கள் கைகூப்பி வணங்குகின்றனர். மறைப்பதற்காகத் தொங்கிய துணி காட்டுவதற்காகத் தொங்கும் துணியாயிற்று. நாடகத்திலும் இவ்வாறே நிகழ்ந்தது. தெருக்கூத்தில் பாத்திரம் தோன்றுமுன் இருவர் ஒரு துணியைப் பிடித்து நிற்பர். கேரளத்துக் கதகளியில் பாத்திரம் துணிக்கு மேலாக எட்டிப் பார்க்கும் கட்டத்திற்குத் 'திரநோக்கு' என்றே பெயர். பின்னர் வந்த மேடை நாடகங்களில் அரண்மனையும் காடும் வீதியும் திரைகளிலே தீட்டப்பட்டன. காட்டும் துணி என்ற பொருள் இவ்வாறு மெல்ல மெல்ல வேரூன்றியது.

பிறகு சினிமா வந்தது. 1895ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆந் திகதி பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர்கள் பொதுமக்களுக்குச் சலனப்படம் காட்டினர். 1931இல் 'காளிதாஸ்' என்ற படத்தோடு தமிழ் பேசத் தொடங்கிய அக்கலைக்கு நாம் திரைப்படம் என்று பெயரிட்டோம். இவ்விடத்தில்தான் சொல் தலைகீழாகத் திரும்பிற்று. படம் விழும் துணியில் ஒரு சுருக்கம் இருந்தாலும் கதாநாயகியின் முகம் கோணிவிடும். ஆகவே அதனை நாற்புறமும் இறுக்கிக் கட்டிச் சுருக்கம் போக்கினர். திரை இல்லாமல் செய்தால்தான் அது நல்ல திரை! 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாகினியும் இந்நாட்டில் ஒளிபரப்பைத் தொடங்கின. வீட்டுக்குள் வந்த அந்தக் கண்ணாடி சின்னத்திரை எனப்பட்டது. இன்று விரல்பட இயங்கும் தொடுதிரை வந்துவிட்டது. கைக்குத் தட்டுப்படும் மேடு பள்ளத்துக்கு இட்ட பெயர், கை வழுக்கிப் போகும் அளவு மழமழப்பான பரப்பிற்கு இன்று பெயராகி நிற்கின்றது.

இதனைப் பிழை என்று நான் கூற வரவில்லை. சொற்கள் பொருள் மாறி வாழ்வது மொழிக்கு இயல்பு. மாறாதிருப்பின் மொழி ஏட்டுச் சுரைக்காயாகிவிடும். தொடுதிரை என்பது நல்ல சொல்லாக்கம். நம் கவலை வேறிடத்தில் இருக்கின்றது. திரைகவுள் என்ற சொல்லுக்கு உயர்தர வகுப்பு மாணவர் சிலர் 'துணியால் மறைத்த கன்னம்' என்று பொருள் எழுதுகின்றனர். அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. அவர்கள் பிறந்த நாள்தொட்டுக் கேட்ட திரை அதுதான். ஆனால் அந்த ஒரு சொல் கைநழுவினால் நரிவெரூஉத்தலையாரின் பாட்டு முழுவதும் கைநழுவுகின்றது. முதியோரை நோக்கிய கண்டனம் முக்காடிட்டவரைப் பற்றிய செய்தியாய் முடிகின்றது.

பெயர்ச்சொல் நெடுங்காலம் வாழும். அதன் பொருளைக் காத்து நிற்பது வினைச்சொல். எழுத்து என்பதன் பொருள் எவருக்கும் மயங்காதது, எழுது என்ற வினை நாள்தோறும் நம் வாயில் இருப்பதால். திரைக்கும் அத்தகைய வினை உண்டு. அது இன்னும் முற்றாகச் சாகவில்லை. யாழ்ப்பாணத்து அடுக்களையில் பால் கெட்டுப் போனால், 'பால் திரைஞ்சு போச்சு' என்று கூறும் முதிய பெண்கள் இன்றும் இருக்கின்றனர். இளையவர்கள் 'பால் பழுதாப் போச்சு' என்கின்றனர். பழுதாவதற்கு எதுவும் பழுதாகலாம். ஆனால் திரைதல் என்பது பாலுக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கண்ணால் காட்டும் சொல். அந்த அம்மையார் சொல்லும் 'திரைஞ்சு' என்ற ஒரு சொல்லிலே புறநானூற்றுக்குப் போகும் வழி திறந்திருக்கின்றது. புறநானூற்றைப் படிக்காத ஒருவர் அதன் திறவுகோலை அடுப்பங்கரையில் வைத்துக் காத்து வருகின்றார்.

ஆகவே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழம்பாட்டில் திரை வரும்போது 'திரை - அலை, சுருக்கம்' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அப்பாற் செல்லாதீர்கள். வினையிலிருந்து தொடங்குங்கள். பால் திரைவதைச் சொல்லுங்கள். பின் நீர் திரைவதை, தோல் திரைவதை, துணி திரைவதைச் சொல்லுங்கள். மாணவர் தாமாகவே வடலூருக்கும் படமாளிகைக்கும் வந்து சேர்வர். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டில் பாட்டி 'திரைஞ்சு போச்சு' என்று கூறினால் பிள்ளைகள் சிரிக்க விடாதீர்கள். என்ன சொன்னீர்கள் என்று இன்னொரு முறை கேட்கச் சொல்லுங்கள். அகராதிகள் பொருளைப் பதிந்து வைக்கும்; பேசும் வாய்தான் அதற்கு மூச்சுக் கொடுக்கும். அந்த வினைச்சொல் வீட்டுப் பேச்சில் இன்னும் ஒரு தலைமுறைக்கு நின்றால், புறநானூற்றுக் கிழவர் பாய்ந்த மடுவின் திரையும் நம் பிள்ளைகளுக்கு விளங்கும்.